கால் தரையில் படாத ஸ்டூல்

மார்ச் 4, புதன்

பட்டாணி அம்மாவுக்கு,

நீ போட்ட சட்டப்படி போன் பண்ணவில்லை. நேற்று மட்டும் நாலு தடவை கையில் எடுத்து, உன் நம்பரில் பாதி வரை அமுக்கிவிட்டு, திரும்பச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக நீ சொன்னது அப்படியே நிற்கிறது. "போன்ல பேசினா நீங்க என்னைச் சிரிக்க வெச்சிட்டு நழுவிடுவீங்க. எதுவா இருந்தாலும் எழுதுங்க. எழுதும்போது அவ்வளவு சுலபமா நழுவ முடியாது." சரிதான். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது பத்தாம் வகுப்புப் பரீட்சையில், தலைமையாசிரியருக்கு விடுமுறை கேட்டு. பத்துக்கு மூன்று போட்டார்கள். அந்த வருஷமே நிரந்தரமாக விடுமுறையும் கொடுத்துவிட்டார்கள்.

வீடு நன்றாக இருக்கிறது. அதாவது, நீ வந்து பார்க்காதவரை நன்றாக இருக்கிறது. சோறு முந்தாநாள் குழைந்தது, நேற்று அடிப்பிடித்தது. கடையில் வேலைக்குக் குறைவில்லை. மருந்துக்கடை ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டு, மருந்துக்கடைக்காரர் இரண்டு நாளாகக் குனிந்து குனிந்து உள்ளே போய் வந்திருக்கிறார். இடுப்புவலி மாத்திரையை அவரே வாங்கி அவரே போட்டுக்கொண்டார்.

அந்தப் பழைய ஸ்கேன் கவரைக் கேட்டிருந்தாய். தேடுகிறேன். பீரோவின் மேல்தட்டில் பார்த்தேன், கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், உன் தையல் மெஷின் பெட்டியில்கூடப் பார்த்தேன். உனக்கே தெரியும், இந்த வீட்டில் ஒரு பொருளை நான் பத்திரமாக வைத்தேன் என்றால் அது போய்விட்டது என்று அர்த்தம். கிடைத்ததும் அனுப்புகிறேன்.

டாக்டரம்மா என்ன சொன்னார்கள்? காதுக்குள் வைக்கிற கருவி பட்டாணிக்குப் பொருந்துமா? ஆபரேஷனில் முகத்து நரம்புக்கு ஒன்றும் ஆகாதே? இதை மட்டும் நன்றாகக் கேட்டு எழுது.

நம்முடைய போனில் முகம் தெரியாது. முகம் தெரியாத போன் பட்டாணிக்கு எதற்கு? அதனால் கீழே ஒரு மூஞ்சி வரைந்திருக்கிறேன், மூக்கு விரிக்கிற மூஞ்சி. காட்டு.

பட்டாணி அப்பா


மார்ச் 8, ஞாயிறு

பட்டாணி அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. மூஞ்சியைக் காட்டினேன். பட்டாணியும் மூக்கை விரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் எங்களுக்குக் கொடுத்திருக்கும் அறையில், கட்டில் தலைமாட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். இப்போது "தண்ணீ" என்று சொல்வதில்லை. "தண்" என்கிறாள். கடைசி எழுத்தெல்லாம் உதிர்ந்துகொண்டே வருகிறது. நாலரை வருஷம் கேட்டுப் பேசின பிள்ளை.

ஸ்கேனைப் பற்றி டாக்டரம்மா உட்கார வைத்துச் சொன்னார்கள். சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒழுங்காகப் படியுங்கள்.

இரண்டு வித ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றில் எலும்பு நன்றாகத் தெரியும், இன்னொன்றில் தண்ணீர் தெரியும். உள்காதில் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறது. பட்டாணி அளவுதான் இருக்கும் என்றார்கள். நாம் அவளைக் கூப்பிடுகிற பெயர் அவர்களுக்குத் தெரியாது, நான் அழுதுவிட்டேன். அந்தச் சுருளுக்குள் தண்ணீர் இருக்க வேண்டும். கருவியின் ஒயர் அந்தத் தண்ணீருக்குள்தான் போக வேண்டும். நம் பிள்ளை மாதிரி மூளைக்காய்ச்சல் வந்து காது போன பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் எலும்பு வளர ஆரம்பித்துவிடுமாம். ஒவ்வொரு வாரமும் வழி அடையும்.

கத்தி வைப்பதற்கு முன்னாலேயே படத்தைப் பார்த்து எவ்வளவு சிரமம் இருக்கும் என்று மார்க் போடுகிறார்கள். காதுக்குப் பின்னால் எலும்பு எப்படி இருக்கிறது, முகத்து நரம்பு எவ்வளவு நெருக்கம், பெரிய ரத்தக் குழாய் எங்கே, சுருளுக்குள் தண்ணீர் எவ்வளவு மிச்சம். எல்லாம் கூட்டி, பத்துக்கு இத்தனை. மார்க் ஏற ஏறச் சிரமம். நம் பிள்ளைக்கு ஏழு.

முகத்து நரம்பு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றார்கள். நீங்கள் கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் எழுதிவிட்டேன்.

நமக்கு ஒரு கருவிதான் கிடைக்கும். ஒரு காதுதான். இப்போதைய படத்தில் இரண்டு சுருளும் மங்கலாக இருக்கின்றன. வலது பக்கம் வெளிவழி அகலம், அதனால் வலது என்று நினைத்திருக்கிறார்கள். ஆனால் இடதில் தெரிகிற குறுகல் புதிதாக வளர்ந்த எலும்பா, இல்லை பிறந்ததிலிருந்தே அப்படியா என்று இந்தப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாதாம். "நவம்பர்ல எடுத்த படம் இருந்தா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துடலாம்மா. எந்தப் பக்கம் வேகமா அடைஞ்சுக்கிட்டு வருதுன்னு தெரிஞ்சிடும்" என்றார்கள். ஆபரேஷன் 24ஆம் தேதி.

தையல் மெஷின் பெட்டியில் அந்தக் கவர் கொள்ளாது. அதில் நீங்கள் எப்படித் தேடினீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.


மார்ச் 11, புதன்

பட்டாணி அம்மாவுக்கு,

பத்துக்கு ஏழு என்று படித்ததும் என் புத்தி ஒரு நொடி பெருமைப்பட்டுவிட்டது. நம் வம்சத்தில் யார் ஏழு வாங்கியிருக்கிறார்கள்? அடுத்த வரியில்தான் விஷயம் ஏறியது. மன்னித்துக்கொள், இப்படித்தான் வருகிறது எனக்கு.

ஸ்கேன் எடுத்த இடத்துக்குத் திங்கட்கிழமை போனேன். மூன்று மாதம் தாண்டினால் படத்தையெல்லாம் அழித்துவிடுவார்களாம். அங்கிருக்கும் பெண் சொன்னாள். நம்மிடம் இருந்த கவரோ, வெள்ளையடித்தபோது பழைய பேப்பரோடு போயிருக்கும் என்று நினைக்கிறேன். அது இல்லாமலே பார்த்துச் செய்யச் சொல். அவ்வளவு பெரிய டாக்டர், பழைய படம் இல்லாமல் கண்டுபிடிக்க மாட்டார்களா?

நானும் அதே வேலைதான் பார்க்கிறேன், யோசித்துப் பார்த்தால். சிரிக்காதே. ஷட்டருக்கு மேலே ஒரு பெட்டி, அதற்குள் உருளை, அதற்குள் சுருள் ஸ்பிரிங். பெட்டியைத் திறக்கும் முன்பே கடைக்காரர் கேட்பார், "எவ்வளவு நேரமாகும்?" நான் ஷட்டரை ஒரு முழம் தூக்குவேன். கையில் வருகிற கனத்தை வைத்து, ஸ்பிரிங் தளர்ந்ததா, உடைந்ததா, துருவேறிக் கட்டிக்கொண்டதா என்று சொல்லிவிடுவேன். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். ஸ்பிரிங்கிலேயே நாள் கடத்தக்கூடாதது துரு. இன்றைக்கு எண்ணெய் விட்டால் போகும். நாலு மாதம் விட்டால் உருளையோடு சேர்ந்து

இந்த இடத்தில் டீ வந்துவிட்டது, அதனால் நிறுத்தினேன். என்ன எழுத வந்தேன் என்று மறந்துவிட்டது.

மூலைவீட்டு வாட்ச்மேனை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? காதில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அவர் சிரித்தால் அழுகிற மாதிரி இருக்கும். அவருக்கு யார் செய்தார்கள், எந்தக் காலத்தில் செய்தார்கள் என்றெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் பட்டாணியை ஆபரேஷன் அறைக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அனுப்புவதை நினைத்தால் எனக்கு அவர் முகம்தான் வரும்.

இன்றைய மூஞ்சி, ஒற்றைப் புருவம் தூக்குவது.

பட்டாணி அப்பா


மார்ச் 14, சனி

ஸ்கேன் எடுத்த இடத்துக்கு நான் போன் செய்தேன்.

திங்கட்கிழமை யாரும் வரவில்லை என்று அந்தப் பெண் சொன்னாள். படங்களை மூன்று மாதத்தில் அழிப்பது மட்டும் உண்மையாம். நீங்கள் தெரியாமல் அளந்துவிட்டது சரியாகப் போய்விட்டது.

நவம்பர் 7ஆம் தேதி படத்தையும் டிஸ்க்கையும் ரிப்போர்ட்டையும் நீங்கள்தான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறீர்கள். படம் அழிந்தாலும் ரிப்போர்ட் கம்ப்யூட்டரில் இருக்குமாம். படிக்கச் சொன்னேன். அந்தப் பெண் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசி வரி: நாலு வாரத்துக்குள் காது ஆபரேஷன் டாக்டரிடம் காட்டவும், தாமதித்தால் சுருள் அடைய வாய்ப்பு உண்டு.

அன்றைக்கு அடுப்படியில் நின்றுகொண்டு நீங்கள் அதை எனக்குப் படித்துச் சொன்னீர்கள். "எல்லாம் நல்லா இருக்காம். அவசரம் ஒண்ணும் இல்லையாம்." உங்கள் குரல்கூட ஞாபகம் இருக்கிறது. அந்த வரி இல்லை அதில்.

கவர் வெள்ளையடித்தபோது போகவில்லை. நம் வீட்டுக்கு வெள்ளையடித்து மூன்று வருஷம் ஆகிறது.

டாக்டரம்மா 19ஆம் தேதி வரை பார்ப்பதாகச் சொன்னார்கள். அதற்குள் படம் வரவில்லையென்றால் வலது காது என்று முடிவு.

இந்த ஒரு தடவை ஜோக் இல்லாமல் எழுதுங்கள்.


மார்ச் 16, திங்கள்

பட்டாணி அம்மாவுக்கு,

கவர் இதோடு வருகிறது. பஸ்ஸில் கொடுத்துவிட்டால் சீட்டுக்கு அடியில் போட்டுவிடுவார்கள் என்று கூரியரில் நானே நின்று, (இந்த வரியை அடித்துவிட்டேன், படிக்காதே. பழக்கதோஷம்.)

படம் நன்றாக இருக்கிறது. ஓரத்தில் கிரீஸ் பட்டிருக்கிறது, துணியால் துடைத்தேன், ஒரு கோடு போகவில்லை. டிஸ்க் உடைந்துவிட்டது. கவர் இருந்த இடம் கடை ஷட்டர் பெட்டிக்குள், உருளைக்குப் பின்னால். அங்கே என்னைத் தவிர யாரும் கை விட மாட்டார்கள்.

கடைசி வரியை நான் வேண்டுமென்றுதான் படிக்கவில்லை. எனக்கு இங்கிலீஷ் தெரியாததால் விட்டுப்போனது என்று நீ நினைக்கக்கூடும், அப்படி நினைத்தால் நல்லது என்று நானும் இரண்டு நாள் பார்த்தேன். இல்லை. மருந்துக்கடைக்காரரிடம் காட்டிக் கேட்டேன். "நாலு வாரம்னு போட்டிருக்குப்பா, சும்மா இருந்துடாத" என்றார். வீட்டுக்கு நடந்து வருகிற தூரத்தில் அந்த வரியை விழுங்கிவிட்டேன்.

காரணம் வாட்ச்மேன் முகம்தான். என்னிடம் வேறு என்ன இருக்கிறது? படிப்பில்லை. பேச்சு ஒன்றுதான், அதுவும் பட்டாணிக்குக் கேட்காமல் போய்விட்டது. மிச்சம் இருந்தது என் மூஞ்சியும் அவள் சிரிப்பும். அதிலும் கத்தி பட்டால் என்று நினைத்தேன். அவளுக்காகப் பயந்தேன் என்றுதான் இதுவரை எனக்கு நானே சொல்லிவந்தேன். எழுதிப் பார்க்கும்போது எனக்காகப் பயந்த மாதிரி இருக்கிறது.

இன்னும் இருக்கிறது. இதை நீ எந்தப் பெண்ணுக்குப் போன் செய்தாலும் தெரிந்துகொள்ள முடியாது.

நவம்பரில் ஒருநாள் கடையை மூடும்போது, பட்டாணி தரையில் வாஷர்களை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். ஷட்டரை இறக்கினேன். திரும்பிப் பார்த்தாள். மறுபடி தூக்கி இறக்கினேன், மறுபடி திரும்பினாள். நான் ஓடிவந்து உன்னைக் கூட்டிப்போனேன். நீயும் பார்த்தாய். கடை வாசலிலேயே நின்று அழுதாய். "கேக்குதுங்க, அவளுக்குக் கொஞ்சம் கேக்குது" என்றாய். அன்றைக்கு நானும் உண்மையாகத்தான் நம்பினேன். அதை மட்டும் தயவுசெய்து பொய்யோடு சேர்க்காதே.

டிசம்பர் 11. பக்கத்துப் பட்டறை வெல்டர் பட்டாணியைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு கடை வாசலில் நின்றிருந்தார். என் கை வழுக்கி ஷட்டர் மொத்தமாக விழுந்தது. தெருவே திரும்பிப் பார்த்தது. எதிர்வரிசையில் ஒருவர் கையிலிருந்த பையைப் போட்டுவிட்டார். பட்டாணி மட்டும் வெல்டரின் காது மடலை மடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். வெல்டர் என்னைப் பார்த்தார். "பாப்பா தூக்கக் கலக்கத்துல இருக்கு போல" என்றார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நம் கடைத்தரை சிமென்ட் பலகை, அடியில் சாக்கடை போகிறது. ஷட்டர் விழுந்தால் பலகை அதிரும். பட்டாணி கேட்கவில்லை. உட்கார்ந்த இடம் அதிர்ந்ததால் திரும்பினாள். இருபது வருஷமாக ஷட்டர் வேலை பார்க்கிறவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். வேறு யாராவது இந்தத் தப்பைச் செய்திருந்தால் பாவம் என்று விடலாம்.

மூன்று நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, நீ கடைக்கு வந்தாய். "எனக்கு என்னமோ சந்தேகமா இருக்குங்க. இன்னொரு தடவை காட்டுங்க" என்றாய். பட்டாணி பெஞ்சின்மேல் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள்.

நான்தான் அவளைத் தூக்கித் தரையில் உட்கார வைத்தேன்.

அப்புறம் ஷட்டரை இறக்கினேன். அவள் திரும்பினாள். நீ சந்தோஷமாக வீட்டுக்குப் போனாய். கவர் அப்போது அவள் தலைக்கு நேர்மேலே பெட்டிக்குள் இருந்தது.

நேற்று கடையை மூடிவிட்டு அவள் உட்காருகிற இடத்தில் நான் உட்கார்ந்து, வெல்டரை ஷட்டரை இறக்கச் சொன்னேன். காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். முதுகுத்தண்டு வரை வந்தது. அவள் ஒவ்வொரு தடவையும் திரும்பி என்னைத்தான் பார்த்தாள். என்ன ஆச்சு என்று கேட்டுத்தான் பார்த்திருக்கிறாள். நான் ஒவ்வொரு தடவையும் கை தட்டினேன்.

மூஞ்சி வரையவில்லை. வரையத் தோன்றவில்லை.

பட்டாணி அப்பா


மார்ச் 20, வெள்ளி

கவர் 18ஆம் தேதி வந்தது. உங்கள் கடிதத்தை நேற்றுதான் முழுதும் படித்தேன். முதல் நாள் தரையில் உட்கார வைத்த வரி வரைக்கும்தான் படிக்க முடிந்தது.

படத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

டாக்டரம்மா இரண்டையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்கள். தண்ணீர் தெரிகிற படத்தில் தண்ணீர் வெள்ளையாக இருக்கும். நவம்பர் படத்தில் வலது சுருள் வெள்ளை வெளேர் என்று இருந்தது, படிக்கட்டு மாதிரி ஒவ்வொரு சுற்றும் எனக்கே தெரிந்தது. மார்ச் படத்தில் அந்த அடிச்சுற்று இல்லை. அழித்த மாதிரி இருக்கிறது. இடது பக்கம் நவம்பரிலும் குறுகல், இப்போதும் ஏறக்குறைய அதே குறுகல். அது பிறவி. அதில் எலும்பு மெதுவாகத்தான் வந்திருக்கிறது, தண்ணீர் மிச்சம் இருக்கிறது. "நல்லவேளைம்மா, வலதுல கை வெச்சிருப்பேன்" என்றார்கள். இப்போது இடது காது என்று முடிவு. சிரமம்தான், ஆனால் ஒயர் போகும். ஒயரில் சத்தத்தை நரம்புக்குக் கொடுக்கிற பன்னிரண்டு புள்ளி இருக்கிறதாம், அதில் எட்டு உள்ளே போகும் என்று படத்தை அளந்து சொன்னார்கள்.

கிரீஸ் கோட்டைப் பார்த்து "இது என்ன?" என்று கேட்டார்கள். ஷட்டர் வேலை செய்கிற வீடு என்றேன்.

நவம்பர் படத்துக்கும் மார்க் போட்டார்கள். நான்தான் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. வலது காதுக்கு, நவம்பரில், பத்துக்கு இரண்டு.

"ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க?" என்று கேட்டார்கள். "நாங்க தாமதமாயிட்டோம்" என்றேன். நாங்கள் என்று சொன்னது உங்களைக் காப்பாற்ற இல்லை. அப்படி நினைத்துவிடாதீர்கள்.

ஜனவரியில் ஒருநாள் பட்டாணி கட்டிலில் உட்கார்ந்து படப் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் என் கையிலிருந்த எவர்சில்வர் தட்டு விழுந்து சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் பக்கத்தைப் புரட்டினாள். நான் தட்டை எடுத்துக் கழுவி வைத்தேன். ஷட்டர் சத்தம் கேட்கிற பிள்ளைக்குத் தட்டு கேட்காமலா இருக்கும், கவனம் வேறெங்கோ இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னும் ஒரு மாதம் கழித்துத்தான் பஸ் ஏறினேன். நீங்கள் காட்டினீர்கள், நானும் பார்க்க ஆசைப்பட்டதைத்தான் பார்த்தேன்.

அதற்காக இரண்டும் ஒன்று இல்லை. உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளை நீங்கள் தூக்கும்போது, எனக்கு அவள் நன்றாகத் தெரியட்டும் என்று இறக்கிவிடுகிறீர்கள் என்று நினைத்தேன். எவ்வளவு பிரியமாகத் தூக்குகிறார் என்றுகூட நினைத்தேன்.

சம்மதக் கையெழுத்து நான் ஒருத்தியே போட்டேன். ஆபரேஷனுக்கு வர வேண்டாம். உங்களைப் பார்த்துக்கொண்டு அந்த வாசலில் உட்கார என்னால் முடியாது.


மார்ச் 22, ஞாயிறு

பட்டாணி அம்மாவுக்கு,

இரண்டு என்று எழுதியிருந்தாய்.

வரவில்லை. வீட்டிலேயே இருக்கிறேன். 24ஆம் தேதி கடை திறக்க மாட்டேன். முடிந்ததும் ஒரு வரி, எதுவாக இருந்தாலும் ஒரே ஒரு வரி எழுது.

பட்டாணி அப்பா


மார்ச் 26, வியாழன்

பட்டாணி அப்பாவுக்கு,

சிரிப்பு நேராக இருக்கிறது. அதைத்தான் முதலில் தேடுவீர்கள் என்று முதலில் எழுதுகிறேன். தலையைச் சுற்றிக் கட்டு, கன்னம் வீக்கம், ஆனால் வாய் இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குப் போகிறது. நான் நூல் பிடிக்கிற கண்ணால் பார்த்துவிட்டேன்.

ஐந்தரை மணி நேரம் ஆனது. வாசலில் பச்சை நாற்காலி வரிசை, பதினாலு நாற்காலி. எண்ணிக்கொண்டே இருந்தேன். டாக்டரம்மா வெளியே வந்து, "படத்துல பாத்த மாதிரியேதாம்மா இருந்தது. எட்டு உள்ளே போயிருக்கு" என்றார்கள். எட்டு என்று படத்தைப் பார்த்துச் சொன்னார்கள், எட்டுதான் போனது. அடிச்சுற்றில் கொஞ்சம் எலும்பைக் குடைய வேண்டியிருந்ததாம். எட்டு புள்ளி போதுமா என்றேன். பேச்சு கேட்கும், ஆனால் பழகுவதற்குக் காலம் பிடிக்கும், நிறையப் பயிற்சி வேண்டும், மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடக்கூடாது என்றார்கள். நவம்பரில் பன்னிரண்டும் போயிருக்குமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

புண் ஆறியபிறகு ஏப்ரல் 27ஆம் தேதி கருவியின் வெளிப்பாகத்தை மாட்டி முதல்முறையாக ஓடவிடுவார்கள். அதற்கு வாருங்கள். மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன், அது எனக்கே இன்னும் தெரியாது. ஆனால் அன்றைக்கு அவள் நிமிர்ந்து பார்க்கும்போது அறையில் நீங்கள் இல்லையென்றால் அவள் உங்களைத் தேடுவாள். முந்தாநாள் மயக்கம் தெளிந்ததும் மூஞ்சியைத் தேடிக் கட்டில் தலைமாட்டைத்தான் தடவினாள். ஒற்றைப் புருவ மூஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கினாள்.

ஒரு நிபந்தனை. அவளுக்குக் கேட்டதா இல்லையா என்று நீங்கள் எனக்குச் சொல்லக் கூடாது. நானே பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்த கடிதத்தில் ஒரு ஜோக் எழுதலாம். ஒன்றுதான்.


ஏப்ரல் 21, செவ்வாய்

பட்டாணி அம்மாவுக்கு,

ஒரு ஜோக் அனுமதித்ததற்கு நன்றி. ஒரு மாதமாக உட்கார்ந்து பொறுக்கிப் பார்க்கிறேன். இதற்கு முன்னால் நான் ஜோக்கை யோசித்துச் சொன்னதே இல்லை, தானாக ஓடிவரும். இப்போது ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, நீ எதை மறைக்க வந்தாய் என்று கேட்டுப் பார்க்கிறேன். பாதிக்குமேல் பதில் சொல்லாமல் போய்விட்டன. அதனால் இந்தக் கடிதத்தில் இல்லை. கணக்கில் வைத்துக்கொள்.

கடையில் ஷட்டர் பெட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். உருளைக்குப் பின்னால் இப்போது ஒன்றும் இல்லை. மூடும்போது ஷட்டரைக் கையில் பிடித்துக்கொண்டே கடைசி வரை இறக்குகிறேன். வெல்டர் கேட்டார், "என்னப்பா, மாமியார் வீட்டுக்குள்ள போற மாதிரி மூடுற?" நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஷட்டர் விழுந்த அன்றைக்கே அவருக்கும் தெரிந்துவிட்டது என்றார். "நான் தூக்கக் கலக்கம்னு சொல்லியிருக்கக் கூடாதுப்பா. உன் மூஞ்சியைப் பாத்துட்டு வாயில அதுதான் வந்துச்சு." என் மூஞ்சியால் இப்படியும் நடந்திருக்கிறது.

அவரிடம் இரும்புக் குழாய் வெட்டி வாங்கி, நான் ஒரு ஸ்டூல் செய்திருக்கிறேன். பட்டாணி உயரத்துக்கு, ஆனால் கால் தரையில் படாத உயரம். பாதம் வைக்கக் கம்பி வைக்கவில்லை, தொங்கத்தான் வேண்டும். நாலு காலுக்கும் அடியில் கனமான ரப்பர். உட்காருகிற இடத்தில் மூன்று விரல் தடிமனுக்கு ஸ்பாஞ்ச். கடையில் வைத்து, அதில் நான் உட்கார்ந்து, காதில் பஞ்சு வைத்து, வெல்டரை ஷட்டரை விட்டுவிடச் சொன்னேன். அதிர்வு ஒன்றும் வரவில்லை. மூன்று தடவை பார்த்தேன். ஸ்டூல் என் கனத்துக்குச் செய்ததில்லை, மூன்றாவது தடவை கொஞ்சம் வளைந்துவிட்டது, நிமிர்த்திவிட்டேன். இது ஜோக் இல்லை, நடந்தது.

நிறையப் பயிற்சி வேண்டும் என்று எழுதியிருந்தாய், வீட்டுக்கு வந்தபிறகு தினமும் சத்தம் காட்டிப் பழக்க வேண்டும். அதற்குத்தான். டாக்டரம்மாவிடமும் காட்டிவிடலாம் என்று கையோடு கொண்டுவருகிறேன். 26ஆம் தேதி சாயங்கால பஸ்.

அந்த அறையில் அவளை ஸ்டூலில் உட்கார வைப்பது நீ. நான் தூக்க மாட்டேன். அவளுக்கு எதிரே, அவள் பார்க்கிற இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். புருவம் தூக்க மாட்டேன், மூக்கு விரிக்க மாட்டேன், கை தட்ட மாட்டேன். சத்தம் அவளுக்குப் பின்னாலிருந்து வரட்டும். அவள் திரும்பினால் திரும்பட்டும். திரும்பாவிட்டால், அவள் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நானும் அவளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பட்டாணி அப்பா